லிவியாதானும் லயத்துப் பிள்ளையும்

டயகம தோட்டத்து மாணவி ஒருத்தி ஒரு நாள் பாடம் முடிந்ததும் என்னிடம் வந்தாள். "சேர், லிவியாதான்னா என்ன? மொதலையா, பூதமா?" என்று கேட்டாள்.

நான் சைவன், கல்லூரியில் தமிழ் படிப்பிப்பவன். என்னிடம் வேதாகமச் சொல்லுக்குப் பொருள் கேட்பானேன் என்று விசாரித்தேன். அவள் தகப்பனை இழந்த பிள்ளை. மகனைப் பறிகொடுத்த பாட்டிதான் அவளை வளர்க்கிறார். கொழுந்துக் கூடையை மாட்டுமுன் ஒரு கணம் கண்மூடி ஜெபிப்பவர் அவர். எழுத்து அறியாதவர். ஆதலால் மாலையில் லயத்துக் காம்பிராவில் பேத்தி ஓர் அதிகாரம் உரக்க வாசிக்க வேண்டும். அப்படி வாசித்து வருகையில் யோபு 41இல் அந்தச் சொல் வந்துவிட்டது.

அவள் மனத்தில் வேறொரு கேள்வியும் இருந்தது. அவளுக்கு வேதாளக் கதைகளில் கொள்ளை ஆசை. மாசி மாதத்துக் காமன் கூத்தையும் விழித்திருந்து பார்ப்பாள். "பேய், பூதக் கதையெல்லாம் பாவம்" என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். "உண்மையா சேர்?" என்றாள்.

முதல் கேள்விக்கு முதலில் விடை சொன்னேன். லிவியாதான் முதலையே என்று கொள்ளும் அறிஞர்கள் உண்டு. ஆனால் யோபு நூல் அதன் வாயிலிருந்து தீப்பொறி பறப்பதாகச் சொல்கிறது. 74ஆம் சங்கீதம் அதற்குத் தலைகள் பல என்கிறது. சிரியக் கடற்கரையில் 1928இல் தற்செயலாக வெளிப்பட்ட உகாரித் என்னும் பழைய நகரத்தின் களிமண் ஏடுகளிலும், ஏறக்குறைய இதே பெயருள்ள ஏழு தலைப் பாம்பு வருகிறது. வெளிப்படுத்தின விசேஷத்து வலுசர்ப்பத்துக்கும் ஏழு தலைகளே. அந்நாட்டு மக்கள் அறிந்திருந்த கடற்பூதத்தின் கதையை வேதம் தன் பொருளுக்கு எடுத்தாண்டிருக்கிறது. மக்களையும் உடைமைகளையும் இழந்து "ஏன்?" என்று கேட்கும் யோபுவுக்கு, மனித அறிவின் எல்லையைக் காட்டவே அந்தப் பூதம் அங்கே வருகிறது.

இரண்டாம் கேள்விக்கு ஒரு தமிழாசிரியரின் வரலாற்றைச் சொன்னேன். திருநெல்வேலிச் சீமையிலே வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்தவர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. சாயர்புரத்தில் கிறிஸ்தவர்களுக்குத் தமிழ் படிப்பித்தவர், 1858இல் தாமே கிறிஸ்தவரானார். ஜான் பனியன் என்ற ஆங்கிலேயர் 1678இல் வெளியிட்ட கனவுக் கதையைத் தழுவி, 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காவியத்தை வெளியிட்டார். 3,700க்கு மேற்பட்ட பாடல்கள். பனியனின் கதையிலே செதில் உடம்பும் சிறகும் கொண்ட அரக்கன் வழிமறிக்கிறான்; ஐயம் என்னும் கோட்டையில் ஓர் இராட்சதன் யாத்திரிகரை அடைத்து வைக்கிறான். அந்த யாத்திரையைக் கம்பனின் வழியிலே தமிழாக்கியதால் பிள்ளையவர்களைக் கிறிஸ்தவக் கம்பர் என்றனர். பூதக் கதை அவருடைய பக்திக்குக் குறுக்கே நிற்கவில்லை. 1950களில் நார்னியாக் கதைகளை எழுதிய சி. எஸ். லூயிஸும், மோதிரக் கதை எழுதிய டோல்கீனும் கூட ஆழ்ந்த கிறிஸ்தவர்களே.

"கதையை விரும்புவதற்காக நீ வெட்கப்பட வேண்டாம். கூத்திலே வழிபாடும் கலந்திருக்கிறது, அதில் எவ்வளவு சேர்வது என்பதைப் பாட்டியோடு பேசித் தீர்மானி" என்றேன்.

சைவனாகிய நான் இதைச் சொல்லலாமா என்று நேயர்கள் சிலர் நினைக்கலாம். யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவல் பாதிரியார் வேதாகமத்தைத் தமிழாக்கியபோது துணை நின்றவர் ஆறுமுக நாவலர். அந்தப் பதிப்பு 1850இல் வெளிவந்தது. நாவலரின் சைவம் அதனால் ஒரு துளியும் குறையவில்லை. பிறர் வேதத்தைக் கருத்தோடு வாசிப்பவன் தன் வேதத்தையும் கருத்தோடு வாசிப்பான் என்பது என் அனுபவம்.

அடுத்த வாரம் அவள் மீண்டும் வந்தாள்.

"எல்லாத்தையும் பாட்டிகிட்ட சொன்னேன் சேர். யோபு கேட்டதுக்குப் பதில் கெடைக்கலைன்னாலும், கர்த்தரே வந்து பேசினாருல்ல, அது போதும்னு சொன்னாங்க."

யோபு நூலுக்கு எழுந்த உரைகள் சிலவற்றை நானும் படித்திருக்கிறேன். மகனைப் பறிகொடுத்த அந்தத் தாய் சொன்னதற்கு மேல் அவளுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை.