தமிழ்த் தரவும் ஸ்கிரிப்ட் மொழிகளும்

நூல்களைத் தொகுத்து வைப்பது ஒரு பணி. தேடி வருவோர்க்கு வேண்டியதை எடுத்தளிப்பது மற்றொரு பணி. இணையத்தில் இவ்விரண்டாம் பணிக்குப் பெரிதும் துணைநிற்பவை ஸ்கிரிப்ட் மொழிகள் எனப்படும் நிரல் மொழிகளாகும்.

சி போன்ற மொழிகளில் எழுதிய நிரலை முன்கூட்டியே இயந்திர மொழிக்கு மாற்றிய பின்னரே இயக்க இயலும். ஸ்கிரிப்ட் மொழியிலோ எழுதியதை உடனே இயக்கிப் பார்க்கலாம். பிழை கண்டவிடத்துத் திருத்தலாம். பெர்ல் 1987இலும், பைத்தான் 1991இலும், பிஎச்பி 1995இலும் வெளிவந்தன. இவை கட்டணமின்றிக் கிடைப்பவை.

இவற்றின் ஆற்றலுக்கு விக்கிப்பீடியா தக்க சான்று. 2001இல் ஆங்கிலத்தில் தோன்றிய அது, முதலில் பெர்லில் எழுதிய மென்பொருளால் இயங்கியது. பக்கங்கள் கோப்புகளாகவே வைக்கப்பட்டன. 2002இல் பிஎச்பி நிரலும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும் அவ்விடத்தைப் பெற்றன. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் அவ்வழி வந்த மீடியாவிக்கி மென்பொருளால் இயங்குகிறது. வாசகர் ஒரு தலைப்பைக் கேட்டதும், பிஎச்பி நிரல் அதற்குரிய உரையைத் தரவுத்தளத்தினின்று பெற்று, பக்கமாக அமைத்து அனுப்புகிறது.

கடுங்கணக்கீடுகளில் இம்மொழிகள் விரைவு குறைந்தவை என்பது உண்மையே. எனினும் இத்தகைய தளங்களில் நேரம் பெரிதும் தரவுத்தளத்தின் விடைக்காகக் காத்திருப்பதிலேயே கழிவதால், அக்குறை பெரிதாகத் தோன்றுவதில்லை.

இவற்றின் தனிச்சிறப்பு உரையைக் கையாளும் திறனாகும். இங்கேதான் தமிழறிவு தேவைப்படுகிறது. 'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்துகள் மூன்று. ஒருங்குறியிலோ அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள்; யுடிஎப்-8 முறையில் 15 பைட்டுகள். நீளத்தை அளக்கும் கட்டளைக்கேற்ப மூன்று விடைகளையும் பிஎச்பி தரும். எது எழுத்து என்றறியாதார் எழுதிய நிரல், மெய்யினின்று புள்ளியைப் பிரித்துவிடும். அவ்வாறே 'சீறாப்புராணம்' எனச் சேர்த்தும், 'சீறாப் புராணம்' எனப் பிரித்தும் எழுதுவர். இரண்டும் ஒரு நூலே என்பதைத் தேடலுக்கு உணர்த்த ஒரு வரிக் கட்டளை போதும். ஆனால் அதனை எழுத நூலறிவு வேண்டும்.

நம் புதுச்சேரி சுவடிகளின் ஊர். இங்குள்ள சைவச் சுவடித் தொகுப்புகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றன. அத்தகைய பேறு பெறாத பழைய நூல்கள் இல்லங்களிலும் சிறு நூலகங்களிலும் உறங்குகின்றன. பட்டியலில் இல்லாத நூல், இருந்தும் இல்லாததே. பெரியோர் அந்நூல்களைத் தந்துதவ, தமிழ் மாணவர் ஒரு ஸ்கிரிப்ட் மொழியைக் கற்று அவற்றிற்குத் தேடற்குரிய அட்டவணை அமைப்பாராயின், அது தமிழுக்குச் செய்யும் நிலைத்த தொண்டாகும்.