எல்லாரும் ஆட வேண்டும்

நுழையும்முன்

பதக்கத்திற்காக ஆடுவோர் சிலர். மகிழ்ச்சிக்காகவும் உடல்நலத்திற்காகவும் ஆட விரும்புவோர் பலர். பின்னவர் கூடி நடத்தும் ஆட்டத்திற்கும் விதிகள் தேவை. அவ்விதிகள் எவை, அவை ஏன் தேவை என்பனவற்றை மகளிர் மென்பந்தாட்டத்தின் வழியாக இப்பாடம் விளக்குகிறது.

ஆட்டமிழக்காமல் விலகியவர்

ஐதராபாத் நகரம் மகளிர் விளையாட்டில் பெயர்பெற்றது. இறகுப்பந்தாட்டத்தில் பி. வி. சிந்துவும் டென்னிசில் சானியா மிர்சாவும் இந்நகரில் வளர்ந்து உலகப் புகழ் பெற்றனர். இந்திய மகளிர் கிரிக்கெட் அணிக்கு நெடுங்காலம் தலைமையேற்ற மிதாலி ராஜ் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அவரும் சிறுவயது முதல் இந்நகரிலேயே பயிற்சி பெற்றார். ஆயினும், ஒரு நகரத்தின் விளையாட்டு வளத்தை அதன் புகழ்பெற்ற வீராங்கனையரைக் கொண்டு மட்டும் அளத்தல் இயலாது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் விளையாட்டை விட்டுவிட்ட பெண்கள் மீண்டும் திடலுக்கு வர இயலுகிறதா என்பதையும் காண வேண்டும்.

நகரின் பல பகுதிகளில் வாழும் பெண்கள் சிலர், செகந்தராபாத்தில் உள்ள ஒரு திடலில் ஞாயிறுதோறும் மென்பந்து ஆட முடிவு செய்கின்றனர் என்று கொள்க. ஓர் அணியில் பதினால்வர் உள்ளனர். களத்தில் இறங்குவோர் ஒன்பதின்மர். நன்றாக ஆடுவோரையே அணித்தலைவி தேர்ந்தெடுக்கிறார். எஞ்சிய ஐவர் திடலின் ஓரத்தில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுள் ஒருவர் விடியுமுன் எழுந்து, வீட்டாருக்குச் சமைத்துவைத்துவிட்டு, இரண்டு பேருந்துகள் மாறி வந்தவர். அன்று அவர் கைக்கு மட்டை வரவில்லை. மறுவாரமும் அவ்வாறே. மூன்றாம் வாரம் அவர் வரவில்லை.

அவரை எவரும் விலக்கவில்லை. ஆட்டத்தின் விதி எதுவும் மீறப்படவில்லை. ஆயினும் அணி ஒருவரை இழந்துவிட்டது. இத்தகைய இழப்பைத் தடுப்பதே பொழுதுபோக்கிற்காக நடைபெறும் லீக் போட்டிக்குரிய விதிகளின் முதற்கடமை.

இடத்திற்கேற்பப் பிறந்த ஆட்டம்

சாப்ட்பால் என்று வழங்கும் மென்பந்தாட்டம் 1887ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறந்தது. ஃபாரகட் படகுக் கழகத்தின் உள்ளரங்கில் கூடியிருந்தோருள் ஒருவர் பழைய குத்துச்சண்டைக் கையுறை ஒன்றை எறிந்தார். மற்றொருவர் அதனைக் கோல் ஒன்றினால் அடித்தார். அதனைக் கண்ட ஜார்ஜ் ஹான்காக் என்பவர், கையுறையைப் பந்துபோல் சுருட்டிக் கட்டி, தரையில் கட்டங்கள் வரைந்து, பேஸ்பால் ஆட்டத்தை உள்ளரங்கிற்கு ஏற்றவாறு மாற்றினார். இடம் சிறியதாகையால் பந்து பெரியதாகவும் மென்மையாகவும் அமைந்தது. பின்னர் இவ்வாட்டம் திறந்தவெளிக்கு வந்தது. 1926ஆம் ஆண்டில் இதற்குச் சாப்ட்பால் என்னும் பெயர் முன்மொழியப்பட்டது.

இன்று ஆடப்படும் பந்து பெயரளவில்தான் மென்மையானது. அதன் சுற்றளவு 12 அங்குலம், அதாவது ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். வேகமாக வரும் அப்பந்து உடலிற்பட்டால் காயம் உண்டாகும்.

ஆடுகளத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு தளங்கள் உள்ளன. ஒரு தளத்திற்கும் அடுத்த தளத்திற்கும் இடையே உள்ள தொலைவு 60 அடி. பிட்சர் எனப்படும் பந்தெறிபவர், மகளிர் ஆட்டத்தில் 43 அடித் தொலைவில் நின்று, கையைத் தோளுக்கு மேல் உயர்த்தி வீசாமல் இடுப்புப் பக்கமாகக் கீழிருந்து வீசுவார். பந்தை அடித்தவர் நான்கு தளங்களையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம் கிடைக்கும். மூவர் ஆட்டமிழந்தால் எதிரணி அடிக்கத் தொடங்கும். இவ்வாறு இரண்டு அணிகளும் ஒருமுறை அடித்து முடித்தால் அது ஒரு சுற்று. ஓர் ஆட்டத்தில் ஏழு சுற்றுகள் உண்டு.

இந்திய மென்பந்துச் சங்கம் 1961ஆம் ஆண்டு தோன்றியது. 1996ஆம் ஆண்டு அட்லாண்டாவில் மகளிர் மென்பந்து முதன்முதலாக ஒலிம்பிக் ஆட்டமாயிற்று. 2008ஆம் ஆண்டு பெய்ஜிங்கிலும், 2021ஆம் ஆண்டு டோக்கியோவிலும் ஜப்பான் தங்கம் வென்றது.

யாருக்காக அந்த விதி?

எல்லா விதிகளும் ஆடுவோரின் நன்மையைக் கருதியே அமைந்தன என்று சொல்ல இயலாது. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க ஆண்கள் பலர் போர்முனைக்குச் சென்றனர். பேஸ்பால் திடல்கள் வெறுமையாகிவிடுமோ என்று அஞ்சிய ஃபிலிப் ரிக்லி என்னும் தொழிலதிபர், 1943ஆம் ஆண்டு மகளிர் லீக் ஒன்றைத் தொடங்கினார். தொடக்கத்தில் மென்பந்தாட்டத்தின் 12 அங்குலப் பந்தும் கீழிருந்து வீசும் முறையும் அதில் கைக்கொள்ளப்பட்டன. 1954ஆம் ஆண்டுவரை நடைபெற்ற அந்த லீக்கில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் ஆடினர்.

அப்பெண்கள் குட்டைப்பாவாடை உடுத்தியே ஆட வேண்டும். உதட்டுச்சாயம் பூச வேண்டும். தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ளக் கூடாது. மீறினால் தண்டம் செலுத்த வேண்டும். தளத்தை எட்டச் சறுக்கி விழும்போது, மூடப்படாத தொடையும் முழங்காலும் மண்ணில் உராய்ந்து தோல் பெயர்ந்தன. பார்வையாளர் கண்ணுக்காக வகுத்த விதியால் ஆடுவோருக்குப் புண் உண்டாயிற்று. ஒரு விதியை ஏற்குமுன் "இது யாருக்காக?" என்று கேட்டல் வேண்டும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

லீக்கின் விதிகள்

1. அணிப்பட்டியல். லீக் தொடங்குமுன் ஒவ்வோர் அணியும் தன் ஆட்டக்காரர் பெயர்களை எழுதித் தர வேண்டும். பட்டியலில் இல்லாத வல்லவர் ஒருவரை இறுதி ஆட்டத்திற்கு மட்டும் அழைத்துவருவதை இவ்விதி தடுக்கும். ஆள் குறைந்தால், ஆட்டத்தைக் கைவிடாமல் பிற அணியிலிருந்து ஒருவரைக் கடனாகப் பெறலாம். அவ்வாறு வருபவர் அடிவரிசையில் கடைசியாக நிற்பார்.

2. அனைவருக்கும் மட்டை. போட்டிக்குரிய பொதுவிதிப்படி, தொடக்கத்தில் ஆடிய ஒருவரை வெளியே அமர்த்தினால், அவர் ஒருமுறை மீண்டும் களம் புகலாம். பொழுதுபோக்கு லீக்குகள் இதனினும் ஒருபடி முன்செல்கின்றன. வந்திருக்கும் பதினால்வரும் வரிசைப்படி அடிக்கலாம். பந்து தடுக்கும்போது மட்டும் சிலர் வெளியே அமர்வர். எவரும் தொடர்ந்து இரண்டு சுற்றுகள் அமர்தல் கூடாது.

3. மெதுவான வீச்சு. விரைவு வீச்சில் தேர்ந்தவர் எறியும் பந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தையும் தாண்டும். புதியவர் அதை அடித்தல் அரிது. ஆகவே மெதுவீச்சு முறை பலருக்கு ஏற்றது. அதில் பந்து குறைந்தது 6 அடி உயரத்திற்கு வளைந்தெழுந்து இறங்க வேண்டும். அம்முறையில் ஒன்பதின்மருக்கு மாற்றாகப் பதின்மர் களத்தில் நிற்பர்.

4. மோதல் தவிர்த்தல். முதல் தளத்தில் ஓடி வருபவரும் பந்தைப் பிடிப்பவரும் மோதிக்கொள்வதுண்டு. இதனைத் தடுக்க வெள்ளையும் செம்மஞ்சளுமான இரட்டைத் தளம் உருவாக்கப்பட்டது. பிடிப்பவர் வெள்ளைப் பகுதியையும், ஓடுபவர் செம்மஞ்சள் பகுதியையும் மிதிப்பர். அடிப்பவரும் ஓடுபவரும் தலைக்கவசம் அணிதல் கட்டாயம். முழங்கால் வலியுள்ள ஒருவர் பந்தை அடித்து ஒரு தளத்தை அடைந்தபின், அவருக்காக வேறொருவர் ஓடலாம். ஐம்பது வயதிலும் மட்டை பிடிக்க இவ்விதி வழிசெய்கிறது.

5. உடை. சல்வார், கால்சட்டை, தலைத்துணி ஆகிய எதனையும் ஆட்டக்காரர் தம் விருப்பப்படி அணியலாம். மூடிய காலணி கட்டாயம். வளையல், தொங்கும் காதணி, நீண்ட சங்கிலி ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். தாலியைக் கழற்ற விரும்பாதவர் உளர். சமயச் சின்னங்களை உடலோடு ஒட்டி ஆடைக்குள் மறைத்து அணியலாம் என்று அமெரிக்கப் பள்ளி மென்பந்து விதிகள் முன்பு இடம் தந்திருந்தன. அம்முறையைத் தாலிக்கும் பின்பற்றலாம்.

6. ஓட்ட வரம்பு. வலிய அணி ஒரே சுற்றில் இருபது ஓட்டங்கள் குவித்தால், தடுப்பவர் வெயிலில் நின்று சோர்வர். ஆகவே ஒரு சுற்றுக்கு ஐந்து ஓட்டங்கள் என்பதுபோல் வரம்பு வைப்பர். ஓட்ட வேறுபாடு மிகுந்தால் ஆட்டத்தை முன்னதாகவே முடிக்கும் விதி ஒலிம்பிக்கிலும் உண்டு.

7. காலமும் வானிலையும். ஐதராபாத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவதுண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவமழைக்காலம். நவம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள காலைப்பொழுதே இவ்வாட்டத்திற்கு உகந்தது. இடி கேட்டால் ஆட்டத்தை உடனே நிறுத்த வேண்டும். கடைசி இடிமுழக்கம் கேட்டு முப்பது நிமிடம் கடந்த பின்னரே திடலுக்குத் திரும்புதல் வேண்டும்.

8. நடுவர். ஓடியவர் தளத்தை முதலில் தொட்டாரா, பந்து முதலில் வந்ததா என்பது நடுவர் கண்ணால் கண்டு சொல்லும் முடிவு. அதனை எதிர்த்து முறையிடல் இயலாது. ஆனால், நடுவர் ஒரு விதியைத் தவறாகப் பொருள்கொண்டார் என்று கருதினால் அணித்தலைவி முறையிடலாம். அதற்கு விதிகள் எழுத்தில் இருத்தல் வேண்டும்.

அட்டவணையிலும் நீதி

ஆறு அணிகள் உள்ளன என்று கொள்க. ஒவ்வோர் அணியும் பிற ஐந்து அணிகளோடு ஒருமுறை ஆடினால், மொத்தம் 15 ஆட்டங்கள் நிகழும். ஒரே திடலில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று ஆட்டங்கள் வைத்தால் ஐந்து வாரங்களில் லீக் முடியும். ஓர் ஆட்டத்திற்கு 75 நிமிடம் வரம்பு வைத்து, 6.30, 8.00, 9.30 ஆகிய நேரங்களில் தொடங்கலாம்.

கணக்கு எளிது, நீதி அத்துணை எளிதன்று. வீட்டுவேலை முழுவதும் பெண்கள்மேல் விழும் இல்லங்களில், காலை 6.30 மணிக்குத் திடலை அடைய விரும்புபவர் நான்கு மணிக்கு எழ வேண்டும். ஒரே அணிக்கு எப்போதும் அந்நேரமே வாய்த்தால், அவ்வணியில் ஆள் குறையும், தோல்வி மிகும். திறமைக் குறைவாகத் தோன்றும் அத்தோல்விக்கு உண்மையில் அட்டவணையே காரணம். ஆகவே மூன்று நேரங்களையும் எல்லா அணிகளுக்கும் மாறிமாறி வழங்குதல் வேண்டும். திடல்வாடகையும் பந்தின் விலையும் சமமாகப் பகிரப்படல் வேண்டும்.

விதிகளை ஒருவரே வகுத்துப் பிறர்மேல் சுமத்துதல் நன்றன்று. ஒவ்வோர் அணியிலிருந்தும் இருவர் கூடிப் பேசி எழுதலாம். அவ்விருவருள் ஒருவர் அணித்தலைவி. மற்றவர் அணியில் மிகப் புதியவர். மட்டைக்காக மூன்று வாரம் காத்திருப்பது எத்தகையது என்பதை அப்புதியவரே அறிவார். ஆட்டக்காலம் தொடங்கியபின் இடையில் விதியை மாற்றுதல் கூடாது. முடிந்தபின் கூடி, வெற்றிப்பட்டியலோடு வருகைப்பட்டியலையும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். முதல் வாரம் வந்தவர்களுள் எத்தனை பேர் ஐந்தாம் வாரமும் வந்தனர் என்பதே அந்த லீக்கின் விதிகள் எவ்வாறு அமைந்தன என்பதைக் காட்டும்.

தெரிந்து தெளிக

சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920ஆம் ஆண்டு நிறுவியவர் ஹாரி குரோ பக். எறிபந்தாட்டம் 1940களில் ஒய்.எம்.சி.ஏ. அமைப்பின் வழியாக மகளிர் ஆட்டமாகச் சென்னையில் வேரூன்றியது.

அருஞ்சொற்பொருள்

திடல் – விளையாட்டு மைதானம்
எஞ்சிய – மீதமிருந்த
தண்டம் – அபராதம்
கைக்கொள்ளுதல் – பின்பற்றுதல்
உராய்தல் – தேய்தல்
உகந்தது – ஏற்றது
முறையிடல் – குறையை எடுத்துரைத்து நீதி கேட்டல்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. மென்பந்தாட்டம் எங்கு, எவ்வாறு தோன்றியது?
2. இரட்டைத் தளம் எதற்காகப் பயன்படுகிறது?
3. நடுவரின் எத்தகைய முடிவை எதிர்த்து முறையிடலாம்?

ஆ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. 1943ஆம் ஆண்டின் அமெரிக்க மகளிர் லீக்கில் இருந்த உடைவிதியையும், பாடத்தில் கூறப்படும் உடைவிதியையும் ஒப்பிடுக.
2. "அட்டவணையிலும் நீதி" என்னும் தலைப்பின் பொருத்தத்தை விளக்குக.

இ. கணக்கிடுக.
எட்டு அணிகள் ஒன்றோடொன்று ஒருமுறை ஆடினால் மொத்தம் எத்தனை ஆட்டங்கள் நிகழும்?

ஈ. செயல்திட்டம்
அம்மா, பாட்டி, அத்தை ஆகியோருள் ஒருவரிடம் அவர் சிறுவயதில் ஆடிய ஆட்டத்தைப் பற்றிக் கேட்டறிக. அவர் அதனை எப்போது, ஏன் விட்டார் என்பதையும் கேட்க. அவர் மீண்டும் ஆட வேண்டுமானால் எந்த மூன்று விதிகள் உதவும் என்பதைத் தமிழில் எழுதி வகுப்பில் படிக்க.