கடிகாரத்தை நிறுத்தினார்... காலமெல்லாம் ஆட வைத்தார்!

‘இதோ, இன்னும் ஒரே ஒரு டர்ன்... முடிச்சுட்டு வந்துடறேன்!’

ராத்திரி பத்து மணிக்கு இப்படிச் சொன்னவர், பால்காரர் மணி அடிக்கும்போதுதான் கம்ப்யூட்டரை விட்டு நிமிர்வார். ‘சிவிலைசேஷன்’ விளையாட்டில் சிக்கியவர்கள் வீட்டில் இது சகஜம். 1991-ல் அமெரிக்காவின் மைக்ரோப்ரோஸ் நிறுவனம் வெளியிட்ட கேம் இது. கி.மு. 4000-ல் ஒரு சிறு கூட்டத்தோடு தொடங்கி, ஊர் அமைத்து, எழுத்தும் சக்கரமும் கண்டுபிடித்து, ஆல்ஃபா சென்டாரி நட்சத்திரத்துக்கு விண்கலம் அனுப்பும்வரை ஒரு நாகரிகத்தையே வளர்க்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த விளையாட்டு முதலில் உருவானபோது அதில் ‘டர்ன்’ என்ற ஒன்றே கிடையாது!

இதை வடிவமைத்தவர்கள் சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும். ரயில் பாதை போட்டுத் தொழில் நடத்தும் ‘ரெயில்ரோடு டைக்கூன்’ விளையாட்டை 1990-ல் தந்த ஜோடி. ‘எம்பயர்’ என்ற பழைய போர் விளையாட்டைக் காட்டி, ‘இதில் மாற்ற வேண்டிய பத்து விஷயங்களை எழுதிக் கொடு’ என்று மையர் கேட்க, ஷெல்லி பன்னிரண்டு எழுதிக் கொடுத்தாராம். இன்னொரு பக்கம், 1989-ல் வந்த ‘சிம்சிட்டி’ மையரை வெகுவாகக் கவர்ந்திருந்தது. இடிப்பதைவிடக் கட்டுவதில் சுகம் அதிகம் என்று அது காட்டியது.

1990 மே மாதம், ஷெல்லி கையில் ஒரு ஃப்ளாப்பியைக் கொடுத்தார் மையர். அதில் இருந்ததுதான் முதல் சிவிலைசேஷன். கடிகாரம் தன்பாட்டுக்கு ஓடும்; ‘இங்கே விவசாயம், அங்கே சுரங்கம்’ என்று நிலத்தைக் குறித்துவிட்டால், மற்றதெல்லாம் தானாக வளரும். ஆடுபவர்? வேடிக்கை பார்க்கலாம். சிக்கலே அதுதான். ராஜாவாக உட்கார வேண்டியவர் பார்வையாளராகிவிட்டார்.

மையர் அதை ஓரங்கட்டிவிட்டு, ‘கோவர்ட் ஆக்‌ஷன்’ என்ற உளவாளி விளையாட்டை முடிக்கப் போனார். திரும்பி வந்தபோது கடிகாரத்தை நிறுத்தினார். செஸ், தாயம் போல, நீங்கள் காய் நகர்த்தினால்தான் காலம் நகரும். இந்த ஒரு மாற்றம் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. இன்னும் 2 டர்னில் நூலகம் தயார், 3 டர்னில் கப்பல் கரை சேரும், அதற்குள் எதிரி எல்லைக்கு வந்துவிடுவான்... ஏதாவது ஒன்று பாக்கி இருந்துகொண்டே இருக்கும். பிறகு எப்படி எழுந்து போவது?

வெகுநாள் வரை இதை ஆடிப் பார்த்தது இவர்கள் இருவர் மட்டுமே. ஷெல்லி ஆடிக் குறை சொல்வார், மையர் புரோகிராமை மாற்றுவார், ஷெல்லி மறுபடி ஆடுவார். மையரிடம் ஒரு விதி உண்டு: எந்த அளவை மாற்றினாலும் இரண்டு மடங்காக்கு, இல்லாவிட்டால் பாதியாக்கு. அரைகுறையாகத் திருகிக்கொண்டிருந்தால் வித்தியாசமே தெரியாதாம். உலக வரைபடம் பெரிதாகி ஆட்டம் இழுத்தபோது பாதியாக வெட்டினார். ஆட்டம் விறுவிறுப்பானது. பீர் காய்ச்சுவது போன்ற சில்லறைக் கண்டுபிடிப்புகளுக்காக யோசித்த தனிக் கிளையும் போயிற்று. சரித்திர விவரங்களுக்கோ, நூலகத்தில் குழந்தைகள் பகுதிப் புத்தகங்களே போதும் என்பது மையரின் கட்சி.

வெட்டியதில் பெரியது, வீழ்ச்சி. பேரரசுகள் எழும், சரியும், மறுபடி எழும் என்பதுதான் அவர் முதலில் கண்ட கனவு. ஆனால், ராஜ்யம் சரியத் தொடங்கினாலே ஆடுபவர்கள் பழைய ‘சேவ்’ ஃபைலைத் திறந்து பின்னால் போய்விடுவார்கள் என்று புரிந்தது. அதனால், முன்னேற்றம் மட்டுமே மிஞ்சியது. எனக்கு இதில் சின்ன வருத்தம் உண்டு. ரோமாபுரியே விழுந்ததுதானே சரித்திரம்? ஆனால், விழுவதற்காக யார் விடிய விடிய கண்விழிப்பார்கள் என்று கேட்டால், பதில் இல்லை.

2025-ல் ஏழாவது சிவிலைசேஷன் வந்தது. அதிலும் டர்ன்தான். ஷெல்லி பிற்பாடு என்செம்பிள் ஸ்டூடியோஸுக்குப் போய், 1997-ல் வந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ உருவாக்கத்தில் பங்கேற்றார். அந்த விளையாட்டில் கடிகாரம் நிற்பதே இல்லை!