நடைப்பிணங்கள் கற்பிக்கும் பாடம்

'ஜாம்பி' என்ற சொல்லைக் கேட்டதுமே நம் தோழியர் சிலர் காதைப் பொத்திக்கொள்வர். சிலர் கதை கேட்கும் ஆவலுடன் நெருங்கி அமர்வர். திரையில் அலையும் இந்த நடைப்பிணங்கள் எங்கிருந்து வந்தன என்பதைச் சற்று ஆராய்வோம்.

இக்கருத்து கரீபியன் கடலிலுள்ள ஹெயிட்டி நாட்டு மக்களின் நம்பிக்கையிலிருந்து பரவியது. அங்கே ஜாம்பி என்பது மந்திரத்தால் எழுப்பப்பட்டு அடிமையாய் உழைக்கும் உடலே. தொற்றிப் பரவும் நோயன்று. கொள்ளைநோய் என்ற கருத்துக்கு வித்திட்டது அமெரிக்க எழுத்தாளர் ரிச்சர்ட் மாதிசன் 1954-இல் எழுதிய 'ஐ ஆம் லெஜண்ட்' நாவல். அதில் மக்களெல்லாம் இரத்தம் குடிப்போராய் மாற, ராபர்ட் நெவில் மட்டும் தப்புகிறான். மருத்துவனல்லாத அவன், நூலகப் புத்தகங்களைப் படித்தே நோய்க்கிருமியைக் கண்டறிகிறான்! இந்நாவல் 1964, 1971, 2007 ஆகிய ஆண்டுகளில் படமாக்கப்பட்டது. 1968-இல் ஜார்ஜ் ரொமேரோ இயக்கிய புகழ்பெற்ற ஜாம்பி படமும் இதன் தூண்டுதலால் பிறந்ததே.

தமிழில் 2016-இல் சக்தி சௌந்தர்ராஜன் இயக்கத்தில் 'மிருதன்' வெளிவந்தது. நச்சுத் திரவத்தை நக்கிய நாய் ஒருவரைக் கடிக்க, உதகை முழுவதும் நோய் பரவுகிறது. நோயுற்றோர் தண்ணீருக்கு அஞ்சுகின்றனர். இது ரேபிஸ் என்னும் வெறிநாய்க்கடி நோயை நினைவூட்டுகிறதன்றோ? அந்நோய் முற்றியவர் நீரை விழுங்க முயன்றால் தொண்டைத் தசைகள் இறுகி வலிக்கும். அதனால்தான் அந்த அச்சம். கதை நடக்கும் உதகைக்கு அருகே, குன்னூரில், இந்நோயைத் தடுக்கவென்றே 1907-இல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது என்பது வியப்பூட்டும் செய்தி. லூயி பாஸ்டர் தம் தடுப்பூசியை முதன்முதலில் ஒரு சிறுவனுக்குச் செலுத்திய ஆண்டு 1885.

ஜாம்பி கற்பனை; ரேபிஸ் உண்மை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லித் தெருக்களில் நடந்து பள்ளிக்கு வரும் நமக்கு இது வெறும் கதையன்று. நாய் கடித்தால் புண்ணை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். மஞ்சளோ மிளகாய்ப் பொடியோ வைத்துக் கட்டலாகாது. அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ செல்ல வேண்டும். அங்கே தடுப்பூசி இலவசம். மருத்துவர் குறித்த நாட்களில் எல்லா ஊசிகளையும் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும். நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிக அரிது.

இத்தகைய படங்களில் கடிபட்டதை மறைப்பவரால்தான் பெருங்கேடு விளைகிறது. வீட்டில் திட்டுவார்களே என்று சிறு கீறலையும் மறைக்கும் தங்கைகளே, தயங்காமல் சொல்லுங்கள்! பெற்றோரே, பிள்ளை சொல்லும்போது சினம் கொள்ளாதீர்கள். முதலில் தண்ணீர்க் குழாயைத் திறவுங்கள். திரையில் நடைப்பிணங்களை விரட்டும் அதே தண்ணீர், நம் வீட்டில் உயிர் காக்கும் முதல் மருந்தாகட்டும்.