உங்களுக்குத் தெரியுமா? டெல்லியில் 11 டீ!

இருபத்திரண்டு வருஷமாக டெல்லியில் குப்பை கொட்டும் என் பள்ளித் தோழனோடு இரண்டு நாள் ஊர் சுற்றினேன். பந்தயம் இதுதான்: நான் சொல்லும் சேதி அவனுக்குத் தெரியாவிட்டால் டீ அவன் செலவு. தெரிந்திருந்தால் என் செலவு. அவன் வாங்கிக் கொடுத்தது 11. நான் கொடுத்தது வெறும் 2!

ஒரு மாளிகை தரைக்குள் இறங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? இந்தியா கேட்டில் நின்றால் ராஷ்டிரபதி பவனின் குவிமாடம் ஜம்மென்று தெரிகிறது. கிட்டப் போகப் போகப் பெரிதாகணும்தானே? இல்லை! விஜய் சௌக் வரும்போது முதலில் தூண்கள் காணாமல் போகின்றன. அப்புறம் சுவர். கடைசியில் குவிமாடத்தின் உச்சி மட்டும்! நாலு அடி முன்னால், நாலு அடி பின்னால் என்று நாங்கள் நடந்து நடந்து பார்க்க, காவலர் ஒருவர் எங்களையே முறைத்தார். எல்லாம் சாலையின் ஏற்றம் செய்கிற வேலை. இந்த ஏற்றத்துக்காகவே மாளிகையைக் கட்டிய லுட்யன்ஸும் பக்கத்துக் கட்டடங்களைக் கட்டிய பேக்கரும் சண்டை போட்டு, நட்பையே முறித்துக்கொண்டார்கள். நெப்போலியனுக்கு வாட்டர்லூ, எனக்கு 'பேக்கர்லூ' என்று புலம்பினாராம் லுட்யன்ஸ்!

அதே மாளிகை. 340 அறைகள். 70 கோடி செங்கல்!

அங்கே தூண்களில் மணிகள் தொங்குகின்றன. ஆனால் ஒலிக்காது. கல் மணி! மணி ஒலித்தால் ஆட்சி முடியும் என்று ஒரு நம்பிக்கையாம். அதனால் ஒலிக்கவே முடியாத மணி. மாளிகை முடிந்தது 1929-ல். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டியது 1947-ல். பதினெட்டே வருஷம்!

1948-ல் கவர்னர் ஜெனரலாக அங்கே குடிபோன நம் ராஜாஜி, வைஸ்ராயின் படுக்கையறையைப் பார்த்து மிரண்டு, சின்ன அறைகளுக்கு மாறிவிட்டார். இன்றைக்கும் ஜனாதிபதிகள் தங்குவது அந்தப் பகுதியில்தான்!

இந்தியா கேட்டுக்குப் பின்னால் ஒரு மண்டபம். அதிலிருந்த ஐந்தாம் ஜார்ஜ் சிலையை 1968-ல் எடுத்தார்கள். 2022-ல் நேதாஜி சிலை வந்தது. நடுவில் 54 வருஷம் காலி!

பழைய நாடாளுமன்றத்தைச் சுற்றி எத்தனை தூண்கள்? 144! (144 என்றதும் உங்களுக்கு வேறு ஏதோ ஞாபகம் வருமே!)

இன்னொரு 144 இருக்கிறது. இதற்குச் சிரிப்பு வராது. பிர்லா மாளிகையில் காந்தி கடைசியாகத் தங்கியிருந்த நாட்கள் 144. அறையிலிருந்து பிரார்த்தனை மேடைப் பக்கம் அவர் நடந்த வழியில், அடி அடியாகப் பாதச் சுவடுகள் பதித்திருக்கிறார்கள். ஓர் இடத்தில் சுவடு நின்றுவிடுகிறது.

குதுப் மினார் பக்கத்து இரும்புத் தூண். வயது 1,600. எடை 6 டன்னுக்கு மேல். துரு? தூணைக் காக்கும் மேற்படலம் இத்தனை நூற்றாண்டில் வளர்ந்திருப்பது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு! என் தோழன் வீட்டு பால்கனிக் கம்பி இரண்டே மழையில் போய்விட்டது!

மினாருக்கு 379 படி. 1981 விபத்துக்குப் பிறகு யாரும் ஏற முடியாது. ஆனால் மினாரின் தொப்பியைக் கீழே புல்வெளியிலேயே பார்க்கலாம்! மேஜர் ஸ்மித் என்பவர் 1828-ல் உச்சியில் ஒரு சின்ன மண்டபத்தை வைத்தார். சகிக்கவில்லை என்று 1848-ல் இறக்கிவிட்டார்கள். பெயர்? 'ஸ்மித்தின் அசட்டுத்தனம்'! இன்றும் பெயர் மாறவில்லை!

நூலகப் படியில் தவறி விழுந்து செத்த சக்கரவர்த்தி யார்? ஹுமாயூன். 1556. பழைய கோட்டைக்குள் அந்த நூலகம் அப்படியே நிற்கிறது. 'ஹுமாயூன்' என்றால் பாக்கியசாலி என்று அர்த்தம்!

இப்போது என் உச்சகட்டச் சரக்கு. பெரோஸ் ஷா கோட்லாவில் ஓர் அசோகத் தூண். சுமார் 13 மீட்டர், ஒற்றைக் கல். 14-ஆம் நூற்றாண்டில் டோப்ரா கிராமத்திலிருந்து சுல்தான் பெரோஸ் ஷா பெயர்த்து வந்தார். அடிபடாமல் சாய இலவம்பஞ்சு மெத்தை! வண்டிக்கு 42 சக்கரம். சக்கரத்துக்கு 200 பேர். போட்டுப் பாருங்கள்: 8,400 பேர்! அப்புறம் யமுனையில் படகுச் சவாரி. இத்தனை பாடுபட்டார்களே, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது! 1837-ல் ஜேம்ஸ் பிரின்செப் வந்துதான் எழுத்தைப் படித்தார்!

அதே கோட்லாவில் ஜின் என்னும் ஆவிகளுக்கு மனு போடுகிறார்கள். ஆமாம், மனு! வியாழக்கிழமைதான் கூட்டம். ஜெராக்ஸ் எடுத்து மாடத்துக்கு ஒரு நகல் வைக்கிறார்கள். எந்த டிபார்ட்மென்ட் ஜின் பார்ப்பாரோ! நாங்கள் பார்த்த மாடத்தில் விளக்குப் புகை படிந்த சுவர், அதன் கீழே ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. இதற்கு மட்டும் தோழன் இரண்டு டீ வாங்கினான்!

தாமரைக் கோயிலுக்கு இதழ் 27, வாசல் 9. சிலை ஒன்றுகூடக் கிடையாது!

கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1965-ல் ஒரு பொம்மை மியூசியம் தொடங்கினார். 80-க்கும் மேற்பட்ட நாடுகளின் பொம்மைகள். மொத்தம் 6,000-க்கும் மேல்!

கழிப்பறைக்கும் இங்கே மியூசியம் உண்டு. சத்தியமாக! தோழன் வர மறுத்துவிட்டான்.

ஆர்.கே.புரம் முருகனைப் பார்க்க ஆட்டோக்காரரிடம் 'மலை மந்திர்' என்றால் போதும். இந்திக்கு நடுவே அசல் தமிழ் மலை! இது அவனுக்குத் தெரிந்திருந்தது. என் முதல் டீ போச்சு.

இரண்டாவது டீ? திங்கட்கிழமை காலை செங்கோட்டைக்குக் கிளம்பினேன். தோழன் வாயே திறக்காமல் கேட் வரை வந்தான். பெரிய கதவு சாத்தியிருந்தது. "திங்கட்கிழமை லீவுடா, தெரியாதா?" என்றான். டீ குடித்துவிட்டு, எதிரே சாந்தினி சௌக்கில் பாகற்காய் பராத்தா தின்னப் போனோம்!

நீங்கள் ஏமாறாதீர்கள். செங்கோட்டை, தாமரைக் கோயில், பொம்மை மியூசியம் மூன்றுக்கும் திங்கட்கிழமை லீவு!