பாப்பாவுக்கு மியூசிக் கிளாஸ்... பணம் கட்டும் முன் இதைப் பாருங்க!

'எட்டு மாசக் குழந்தைக்குப் பாட்டு கிளாஸா?' என்று பாட்டிகள் சிரிக்கலாம். தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால், 'ஐ.க்யூ கூடும்' என்று சொல்லி ஃபீஸ் கேட்டால் யோசியுங்கள். அந்த நம்பிக்கைக்கு விதை போட்ட 1993-ம் ஆண்டு மொஸார்ட் ஆய்வில் இசை கேட்டவர்கள் கல்லூரி மாணவர்கள். கைக்குழந்தை ஒன்றுகூட இல்லை! பலனும் கால் மணி நேரம்தான் நீடித்தது.

முதலில் ஒரு வகுப்பைச் சும்மா போய்ப் பாருங்கள். அம்மாவோ அப்பாவோ குழந்தையை மடியில் வைத்துச் சேர்ந்து பாடுகிறார்களா, ஸ்பீக்கர் மட்டும் அலறுகிறதா? நீங்களே கத்திப் பேச வேண்டியிருந்தால், பாப்பாவின் காதுக்கு அந்தச் சத்தம் அதிகம். கிலுகிலுப்பை நேராக வாய்க்குத்தான் போகும்; கழுவித் தருகிறார்களா? பாப்பா தூங்கும் நேரத்தில் வகுப்பு என்றால், டீச்சர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வேண்டாம்.

ஃபீஸ் கட்டுப்படியாகவில்லையா? தூளியை ஆட்டிக்கொண்டே நீங்கள் பாடுங்கள். நல்ல வகுப்புகளில் நடப்பதும் பெரும்பாலும் அதுதான்.