உங்களுக்குத் தெரியுமா? எலும்பிலும் மின்சாரம் உண்டு!

பீடோரிலிருந்து ஈப்போ நோக்கிப் பிரயாணம் செய்வோர் கோப்பேங் வட்டாரத்தில் காணும் சுண்ணாம்புக் குன்றுகளுக்கும், நம் தேகத்தைத் தாங்கி நிற்கும் எலும்புக்கும் கால்சியம் என்னும் பந்தம் உண்டு. மலேசியச் சுண்ணாம்புக்கல்லிலிருந்தே 'கிரானுமாஸ்' என்ற எலும்பு நிரப்புப் பொருளை இந்நாட்டு விஞ்ஞானிகள் உருவாக்கியிருக்கிறார்கள் என்பது பலர் அறியாத விஷயம். ஆனால் எலும்பு வெறும் கல்லன்று. உலர்ந்த எலும்பை அழுத்தினால் அதில் சொற்ப மின்சாரம் பிறக்கிறது என்று 1957-இல் ஜப்பானியராகிய ஃபுகாடா, யசுடா இருவரும் நிரூபித்தார்கள். அதற்குக் காரணம் கொலாஜன் என்னும் புரத நார். அந்நார் மூன்று இழைகள் கூடிய திருகு வடிவம் கொண்டது என்பதை, கங்காருவின் வால் நாரை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து, 1954-லேயே சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து உலகுக்கு அறிவித்தவர்கள் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். நம்மவர் பெருமையோடு நினைக்க வேண்டிய செய்தி இது!

எலும்பின் இந்த மின்குணத்தைக் கொண்டே சேதமுற்ற எலும்பைச் சீராக்க முயன்று, இன்று ஆய்வுக்கூடங்களில், செல்கள் பற்றி வளர்வதற்கென, கடற்பஞ்சு போல் துவாரங்கள் நிறைந்த சாரங்களை அமைத்து, எலும்பின் தாதுவோடு கிராஃபீன், பாலிபைரோல் முதலிய மின்கடத்திகளையும் சிறிதளவு கலந்து, மெல்லிய மின்தூண்டலைச் செலுத்துகிறார்கள். அதனால் கால்சியம் செல்லுக்குள் புகுந்து, எலும்பாக்கும் காரியம் துரிதப்படுவதைப் பல சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். ஆனால் கடத்தி மிகுந்தால் அதுவே செல்லுக்கு விஷமாகலாம். பாலிபைரோலோ உடலில் எளிதில் கரைவதுமில்லை. ஆகையால் முறிந்த காலுக்கு வைத்தியர் இன்றும் நாடுவது மாவுக்கட்டையும் உலோகத் தகட்டையும், அவசியமானால் நோயாளியின் இடுப்பிலிருந்தே எடுத்த எலும்பையும்தான்.